கல்லும் கள்ளும்

பட்டணத்துக் கதை – அத்தியாயம் 19

சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டியுள்ள பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் கூம்பாக உயர்ந்த ஒரு கல்லறை நிற்கிறது. ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியை 1680இல் அங்கே புதைத்தார்கள். 1688ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நான்கு வயது நிரம்பாத டேவிட் யேல் என்ற சிறுவனையும் அதே இடத்தில் வைத்தார்கள். இருவருக்கும் ரத்த உறவு கிடையாது. ஹின்மர்ஸின் மனைவி கேத்தரின், கணவர் இறந்த அதே ஆண்டு நவம்பரில் எலிஹு யேலை மறுமணம் செய்துகொண்டார். அந்த மணத்தில் பிறந்த பிள்ளைதான் டேவிட். மகன் போனபோது யேல் புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். பிற்பாடு ஊர் திரும்பிய அவர் கொடுத்த நன்கொடைக்காக அமெரிக்காவில் ஒரு கல்லூரி 1718இல் அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. உலகம் முழுக்கத் தெரிந்த யேல் பல்கலைக்கழகம் அதுதான்.

இந்தக் கல்லறையிலிருந்து என்.எஸ்.சி. போஸ் சாலையில் கிழக்கே நடந்தால் பாரி முனை வரும். முனையில் நிற்கும் டேர் ஹவுஸ், இ.ஐ.டி. பாரி நிறுவனத்தின் தலைமையகம். இ.ஐ.டி. என்ற மூன்றெழுத்து ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் என்பதன் சுருக்கம். உரமும் சர்க்கரையும் விற்ற நிறுவனம் என்றே நாம் அறிந்த பெயருக்குள் ஒரு சாராய வடிசாலை ஒளிந்திருக்கிறது. அந்தக் கட்டடத்தின் பக்கவாட்டில் ஓடும் கடற்கரைச் சாலைக்கு இப்போது ராஜாஜி சாலை என்று பெயர். மதுவிலக்கை இந்த மாகாணத்துக்குக் கொண்டுவந்தவரின் பெயர்.

கோட்டை, கோயில், கவர்னர் மாளிகை என்ற வழியில் இதுவரை நடந்த நாம், இந்த முறை ஊர் குடித்த இடங்களையும் ஊர் புதைத்த இடங்களையும் பார்க்கப் போகிறோம். இங்கே இருந்தவர்கள் யார் என்பதைக் கல்லறை சொல்லும். இந்த ஊர் யார் காசில் நடந்தது என்பதை மதுக்கணக்கு சொல்லும். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் ஓர் உண்மை பிடிபடும். கல்லில் பெயர் உள்ளவர்கள் வேறு, கணக்கில் காசு உள்ளவர்கள் வேறு.

அரைப் பைன்ட் சட்டம்

ஹின்மர்ஸ் புதைக்கப்பட்ட காலத்தில் அந்த இடம் கோட்டைக்கு வடக்கே இந்தியர் வாழ்ந்த பழைய கருப்பர் நகரத்தைச் சேர்ந்தது. ஆங்கிலேயரின் முதல் இடுகாடு அங்கேதான் இருந்தது. அதைக் கொய்யாத் தோட்டம் என்று அழைத்தார்கள். பெயர் இனிமையாக இருந்தாலும் இடம் என்னவோ ஓயாமல் நிரம்பிக்கொண்டிருந்தது. கப்பலில் வந்த வேகத்திலேயே போய்ச் சேர்ந்தவர்கள் பலர். சென்னையில் இருக்கும் மிகப் பழைய ஆங்கிலக் கல்லறைக் கல் 1652ஆம் ஆண்டுக்குரியது. ஏஜென்ட் பதவியைப் பிரசிடென்ட் பதவியாக உயர்த்தி முதன்முதலில் இங்கே அனுப்பப்பட்ட ஏரன் பேக்கரின் மனைவி எலிசபெத்தின் கல் அது. அவர் கரையேறவே இல்லை. வரும் வழியில் கடலிலேயே உயிர் பிரிந்தது. சென்னையைக் காணாத ஒரு பெண்ணின் பெயரில்தான் சென்னையின் ஆங்கிலக் கல்லெழுத்துகள் தொடங்குகின்றன.

அதே காலத்தில் கோட்டைக்குள் குடி ஒரு நிர்வாகப் பிரச்சினையாக இருந்தது. 1670களில் கவர்னராக இருந்த வில்லியம் லாங்ஹார்ன் ஒரு விதித் தொகுப்பைக் கொண்டுவந்தார். ஓர் ஆள் ஒரே அமர்வில் அரைப் பைன்ட் சாராயமோ பிராந்தியோ, அதோடு ஒரு குவார்ட் ஒயினும் மட்டுமே குடிக்கலாம். இன்றைய அளவில் சுமார் கால் லிட்டர் சாராயமும் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான ஒயினும். கட்டுப்பாடு என்று இதைச் சொன்னார்கள் என்றால், கட்டுப்பாடு வருவதற்கு முன் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். அளவு மீறினால் குடித்தவனுக்குப் பன்னிரண்டு பணம் அபராதம். ஊற்றிக் கொடுத்த வீட்டுக்காரனுக்கோ ஒரு வராகன். பன்னிரண்டு பணம் என்பது ஒரு வராகனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதாவது குடித்தவனைவிட விற்றவனுக்கு மூன்று மடங்கு தண்டனை. போதை தலைக்கேறியவர்களைத் தொழுவில் மாட்டி வைக்கவும் விதி இருந்தது. இரவு எட்டு மணிக்கு மேல் கோட்டைக்கு வெளியே சுற்றுவதும், காலை மாலை வழிபாட்டுக்கு வராமல் இருப்பதும், பொய் சொல்வதும் அதே பட்டியலில் வந்த குற்றங்கள்.

குடிக்கும் இடங்களுக்குப் பஞ்ச் ஹவுஸ் என்று பெயர். சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா சேர்த்துப் பெரிய கிண்ணத்தில் கலக்கும் பஞ்ச்தான் அங்கே ஓடியது. அந்தச் சாராயத்தில் ஒரு பங்கு கோவாவிலிருந்தும் பட்டாவியாவிலிருந்தும் கப்பலில் வந்தது. மறு பங்கு இங்கேயே வடித்தது. வெல்லக் கரைசலில் வெள்வேலம் பட்டையை ஊறப்போட்டு வடிக்கும் பட்டைச் சாராயம் நம் ஊருக்கு அப்போதே பழகிய சரக்கு.

கம்பெனி ஒரு கையால் அபராதம் போட்டது, மறு கையால் குத்தகைப் பணம் வாங்கியது. பட்டணத்துக்குள் சாராயம் வடிக்கவும் விற்கவும் உரிமையை ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். வெற்றிலை, புகையிலைக் குத்தகையைப் போல இதுவும் கோட்டையின் நிலையான வருமானமாயிற்று. குடி கெடுதல் என்ற அறிக்கையும் குடியிலிருந்து வரும் வரவும் ஒரே அலுவலகத்தில், ஒரே மேசையில் எழுதப்பட்டன. பின்னால் வரப்போகும் மூன்றரை நூற்றாண்டுக் கதையின் வித்து இங்கே இருக்கிறது.

1758, டிசம்பர் 14

பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்ட கதையைப் பள்ளிப் பாடத்தில் ஒரு வரியில் கடந்திருப்போம். அந்த முற்றுகையில் சாராயமும் கல்லறையும் ஒரே களத்தில் வந்து நின்றன.

டிசம்பர் 14ஆம் தேதி லாலியின் படை கருப்பர் நகரத்துக்குள் புகுந்தது. ஆங்கிலேயர் அதைக் காக்க முயலாமல் கோட்டைக்குள் ஒதுங்கிக்கொண்டார்கள். பல நாள் சம்பளம் காணாத பிரெஞ்சுச் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து கொள்ளையடித்தார்கள். கிடங்குகளில் சாராயப் பீப்பாய்கள் கிடைத்தன. சற்று நேரத்தில் படை கலைந்து தெருவெல்லாம் தள்ளாடியது. செய்தி கோட்டைக்கு எட்டியதும், இதுவே சமயம் என்று கர்னல் வில்லியம் டிரேப்பர் சுமார் அறுநூறு பேரோடு வெளியே பாய்ந்தார்.

தெருச் சண்டையில் முதலில் ஆங்கிலேயரின் கை ஓங்கியது. பிரெஞ்சுப் பிரபு டெஸ்டேங் கைதியானார். பிறகு பிரெஞ்சுப் படை சுதாரித்துக்கொண்டது. டிரேப்பரின் ஆட்கள் பின்வாங்கும்போது வழி அடைபடும் நிலை வந்தது. இரு தரப்பிலும் செத்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் என்று சேர்த்தால் தரப்புக்கு இருநூறு பேருக்குமேல் இழப்பு. மேஜர் பொலியே குண்டடி பட்டுப் பின்னர் இறந்தார். போதையில் இருந்த பகைவனை அடித்துவிடலாம் என்று போட்ட கணக்கு பொய்த்தது.

அடுத்த இரண்டு மாதம் பீரங்கி பேசியது. கோட்டைக்கு வடக்கே, பீரங்கி எட்டும் தூரத்தில், கொய்யாத் தோட்டத்துக் கல்லறைகள் உயர்ந்து நின்றன. அந்தக் காலத்துக் கம்பெனிக்காரர்கள் தங்கள் மதிப்பைக் காட்டச் சிறு கோபுரம்போல, மண்டபம்போலக் கல்லறை எழுப்பியிருந்தார்கள். அவை முற்றுகையிட்டவர்களுக்கு நல்ல மறைப்பாகிவிட்டன. கோட்டையை ஆண்டவர்களின் சமாதிகளுக்குப் பின்னே பதுங்கிக்கொண்டு கோட்டையைச் சுட்டார்கள்.

1759 பிப்ரவரி நடுவில் ஆங்கிலேயக் கப்பல்கள் கண்ணில் பட்டதும் லாலி முற்றுகையைக் கைவிட்டார். இரண்டாண்டுக்குள் புதுச்சேரியையும் இழந்தார். 1766இல் பாரிஸில் அவர் தலை வெட்டப்பட்டது. சென்னைத் தோல்விக்குச் சாராயம் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. பணமின்மை, தளபதிகளுக்குள் பொறாமை, கடற்படை துணையின்மை எல்லாம் இருந்தன. ஆனால் முதல் நாளிலேயே கட்டுக்கோப்பு குலைந்த படை அது என்பதைக் கருப்பர் நகரத்துப் பீப்பாய்கள் காட்டிக்கொடுத்துவிட்டன.

இடம் பெயர்ந்த கற்கள்

முற்றுகை முடிந்ததும் கோட்டையில் ஒரு முடிவெடுத்தார்கள். இனி எந்தப் பகைவனுக்கும் கல்லறை மறைப்புக் கொடுக்கக் கூடாது. கொய்யாத் தோட்டத்துச் சமாதிகள் இடிக்கப்பட்டன. பெயர் பொறித்த பலகைக் கற்களை மட்டும் பெயர்த்துக் கோட்டைக்குள் கொண்டுவந்து, தூய மரியாள் தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பரப்பினார்கள். ஹின்மர்ஸ் கூம்பும் பவுனி குடும்பத்தின் கல்லறையும் தப்பின. உடல்கள் அங்கேயே இருக்க, பெயர்கள் மட்டும் இடம் மாறின.

தூய மரியாள் தேவாலயம் 1680இல் திறக்கப்பட்டது. கேத்தரினும் எலிஹு யேலும் மணந்துகொண்டது அங்கேதான். அதன் திருமணப் பதிவேட்டில் முதல் பதிவு அவர்களுடையது. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கும்படி தடித்த சுவரும் வளைவுக் கூரையுமாகக் கட்டப்பட்ட கோயில் அது. இன்று தலைமைச் செயலகத்துக்குப் போகிறவர்கள் நான்கு எட்டு திரும்பினால் அந்த முற்றத்தை அடையலாம். காலடியில் லத்தீன், ஆங்கிலம், போர்த்துக்கீசியம், ஆர்மீனியம் எனப் பல மொழிகளில் எழுத்துகள். வெட்டியவன் உள்ளூர்ச் சிற்பியாக இருந்ததால் சில கற்களின் பூவேலை நம் கோயில் தூணிலிருந்து இறங்கிவந்ததுபோல இருக்கும்.

முற்றுகையின்போது கவர்னராக இருந்தவர் ஜார்ஜ் பிகட். கோட்டையைக் காத்த வீரர் என்ற புகழோடு ஊர் திரும்பி, பிரபுப் பட்டமும் பெற்று, 1775இல் இரண்டாம் முறை கவர்னராக வந்தார். அடுத்த ஆண்டு தஞ்சை அரசர் துளஜாவுக்கு அவர் நாட்டைத் திருப்பிக் கொடுத்தார். ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்குப் பணம் கொடுத்துத் தஞ்சை விளைச்சலை ஈடாக வைத்திருந்த கம்பெனி அதிகாரிகளுக்கு அது வயிற்றில் அடி. அவர்களில் முதல்வர் பால் பென்ஃபீல்ட். புதிய கருப்பர் நகரத்தைச் சுற்றி மதில் கட்டிய ஒப்பந்தக்காரரும் அவர்தான். 1776 ஆகஸ்ட் 24 அன்று கவர்னரை அவருடைய சபையினரே கைது செய்தார்கள். 1777 மே மாதம் காவலிலேயே பிகட் இறந்தார்.

அவரைத் தூய மரியாள் தேவாலயத்துக்குள் புதைத்தார்கள். அவருடையதாகக் கருதப்படும் கல்லில் பெயர் இல்லை. ‘நினைவாக’ என்ற பொருள்தரும் இரண்டு லத்தீன் சொற்கள் மட்டுமே உண்டு. வெளியே முற்றத்தில் சாதாரண வணிகனுக்குக்கூடப் பெயரும் குலச் சின்னமும் கொண்ட கல் இருக்கிறது. கோட்டையைக் காத்தவருக்குப் பெயரில்லாத கல். ஒருவர் இறந்தபோது அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதும் கல்லறையிலிருந்து தெரிந்துவிடுகிறது.

ஆர்மீனியரின் இரண்டு கல்லறைகள்

கல்லறை வழியே சென்னையைப் படிக்கிறவர்கள் ஆர்மீனியரைத் தாண்டிப் போக முடியாது. பட்டு, ரத்தினம், துணி வாணிபத்தில் ஒரு காலத்தில் ஆங்கிலேயருக்கே கடன் கொடுத்தவர்கள். கோஜா பெட்ரூஸ் உஸ்கான் அவர்களில் பெரிய புள்ளி. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலத்தையும், பரங்கிமலை உச்சிக்குப் போகும் படிகளையும் 1726இல் தன் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்தார். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது அவர் சொத்தைப் பறித்துக்கொண்டார்கள். 1751இல் இறந்த அவருடைய உடல் வேப்பேரியில், இன்றைய தூய மத்தியாஸ் தேவாலயத்தில் கிடக்கிறது. இதயத்தை மட்டும் அவர் விருப்பப்படி பாரசீகத்தின் ஜுல்பாவுக்கு அனுப்பினார்கள்.

பாரி முனைக்குப் பின்புறம் 1772இல் எழுந்த ஆர்மீனியத் தேவாலயத்தின் முற்றமும் கல்லறைகளால் ஆனது. நடக்கும் இடமெல்லாம் எழுத்து. அவற்றில் ஒன்று ஹருத்யூன் ஷ்மவோனியன் என்ற பாதிரியாருடையது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான ‘அஸ்தரார்’ 1794இல் அவர் கையால் வெளிவந்தது சென்னையில்தான். ஆர்மீனியர் சமூகம் இங்கே அநேகமாக இல்லாமல் போய்விட்டது. அவர்கள் இருந்ததற்குச் சாட்சி ஒரு கோயில், ஒரு தெருப்பெயர், ஒரு பாலத்துக் கல்வெட்டு, இந்தக் கற்கள். தேவாலயத்தைச் சுற்றியிருந்த மதுக்கடைகள் என்னவாயின என்று தேடினால் ஒரு செங்கல்கூடக் கிடைக்காது. மதுக்கடை கைமாறும், பெயர் மாறும், மூடும். அதன் வரலாறு காகிதத்தில் மட்டுமே தங்கும்.

சிப்பாயின் பங்கு

கொய்யாத் தோட்டம் போனபின் கோட்டைக்கு மேற்கே, கூவத்தின் கிளைகள் சூழ்ந்த தீவுத்திடல் பக்கம் புதிய இடுகாடு திறந்தார்கள். பல்லவன் சாலையில் இன்றும் இருக்கும் தூய மரியாள் கல்லறைத் தோட்டம் அதுதான். கோட்டை முற்றத்தில் கவர்னர்களும் வணிகர்களும் இருந்தால், இங்கே இளம் அதிகாரிகளும் அவர்கள் மனைவியரும் குழந்தைகளும். வயது எழுதிய இடங்களில் இருபதும் முப்பதும் திரும்பத் திரும்ப வரும்.

அந்தக் காலத்தில் ஐரோப்பியச் சிப்பாய்க்குச் சாராயம் சம்பளத்தோடு வந்த உரிமை. தினப்படி ரேஷனில் அரிசி, இறைச்சியோடு சாராயமும் அளந்து ஊற்றினார்கள். தென்னங்கள்ளிலிருந்து வடித்த இலங்கைச் சாராயத்துக்கு இதனால் சென்னையில் நல்ல கிராக்கி. டச்சுக்காரர் காலத்திலும் பின்னர் ஆங்கிலேயர் காலத்திலும் கொழும்பிலிருந்து பீப்பாய் பீப்பாயாக இக்கரைக்கு வந்தது. கல்லீரல் கெட்டும் காய்ச்சல் கண்டும் சிப்பாய் செத்தால் அவனுக்குப் பெரும்பாலும் தனிக் கல் கிடையாது. படைப்பிரிவின் பெயரில் ஒரே கல்லில் எண்ணிக்கையோடு போய்விடும்.

1817க்குப் பின் வாந்திபேதி பெரியவர், சிறியவர் பார்க்கவில்லை. பாரி நிறுவனத்தைத் தொடங்கிய தாமஸ் பாரி 1824இல் பரங்கிப்பேட்டையில் அதற்குப் பலியானார், கடலூரில் புதைத்தார்கள். கவர்னர் தாமஸ் மன்றோ 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் அதே நோயில் போனார். முதலில் குத்தியில் புதைத்து, 1831இல் எடுத்துவந்து தூய மரியாள் தேவாலயத்தில் வைத்தார்கள். தீவுத்திடலில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் சிலை அவருடையது.

ஏலத்தில் போன மரங்கள்

ஆண்டவர்கள் குடித்த இடங்கள் மெல்லச் சுவருக்குள் போயின. 1832இல் மெட்ராஸ் கிளப் வந்தது. இந்தியர் உள்ளே வரக்கூடாது. கதவு திறக்காததால் இந்தியர்கள் 1873இல் காஸ்மாபாலிடன் கிளப்பைத் தொடங்கினார்கள். மவுண்ட் ரோட்டில் கன்னிமாரா, டி ஏஞ்சலிஸ் ஹோட்டல்கள் வந்தன. டி ஏஞ்சலிஸ் முதலாளி ஹோட்டலோடு நிற்காமல் 1910இல் விமானம் ஒன்றைப் பட்டணத்தார் முன் பறக்கவிட்டுக் காட்டினார். 1826இல் ஆங்கஸ் மெக்டவல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சென்னையில் தொடங்கிய கடை, இங்கிருந்த வெள்ளையருக்கு மதுவும் சுருட்டும் இறக்குமதி செய்து கொடுத்தது. அந்தப் பெயர் இன்றும் புட்டியில் ஒட்டியிருக்கிறது.

ஊர் குடித்தது வேறு இடத்தில். பனையிலும் தென்னையிலும் இறக்கிய கள்ளைக் கீற்றுக் கொட்டகையில் விற்றார்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், மில்லில் ஷிஃப்ட் முடிந்து வந்தவர், வண்டிக்காரர், தோல் பதனிட்டவர் அங்கே வந்தார்கள். 1886ஆம் ஆண்டின் மெட்ராஸ் அப்காரி (மதுவரி) சட்டம் இந்த உலகம் முழுவதையும் கணக்குக்குள் கொண்டுவந்தது. கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் வரி. கடைக்கு ஆண்டுதோறும் ஏலம். சாராயம் வடிக்க அரசு அனுமதி பெற்ற பெரிய ஆலைக்கு மட்டும் உரிமை. கிராமத்தில் பானை வைத்து வடித்தவன் குற்றவாளியானான். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையும் வடிசாலையும் நடத்திய பாரி கம்பெனி, 1897இல் ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் என்ற பெயரோடு இந்த ஏற்பாட்டில் பெரிய பங்கு பெற்றது.

நிலவரிக்கு அடுத்தபடியாக மாகாணத்தின் பெரிய வருவாய் அப்காரி என்றாயிற்று. கூலிக்காரன் மாலையில் கொடுத்த காலணா, அரையணாவெல்லாம் சேர்ந்து கல்லூரியும் மருத்துவமனையும் சாலையும் நடந்தன. அவன் பெயர் எந்தக் கட்டடத்திலும் இல்லை. செத்தபின் எரித்திருந்தால் கல்லே இல்லை. புதைத்திருந்தாலும் மண்மேடு ஒன்றிரண்டு மழையில் கரைந்திருக்கும், பிறகு அதே குழியில் வேறொருவர்.

மூலக்கொத்தளம்

அந்தப் பெயரில்லாத மக்களின் இடுகாடுகளில் ஒன்று வடசென்னையின் மூலக்கொத்தளம். அங்கே பெயரோடு நிற்கும் ஒரு நினைவிடத்தில் மதுவும் மொழியும் ஒன்றையொன்று தொடுகின்றன.

1937இல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார். அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் கள், சாராயக் கடைகளை மூடினார். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இன்று கடையில் வாங்கும் ஒவ்வொரு பொருளின் ரசீதிலும் உள்ள வரியின் மூதாதை, மூடிய கள்ளுக்கடையின் பிள்ளை. அதே அமைச்சரவை 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. மறியல் செய்தவர்களால் சிறை நிரம்பியது. 1939 ஜனவரியில் நடராசனும் மார்ச்சில் தாளமுத்துவும் காவலில் இருந்த நிலையில் இறந்தார்கள். இருவரையும் மூலக்கொத்தளத்தில் புதைத்தார்கள். நடராசன் ஒடுக்கப்பட்ட சமூகத்து இளைஞர். ஏலக் கணக்கில் பணமாக மட்டுமே பதிவான வடசென்னை உழைப்பாளிகளிலிருந்து ஒருவர் பெயரோடு வரலாற்றுக்குள் வந்தது இங்கேதான். பின்னாளில் எழும்பூரில் ஓர் அரசு மாளிகைக்கே இருவர் பெயரையும் வைத்தார்கள்.

ஒரே அமைச்சரவையின் இரு முடிவுகளில், கள்ளுக்கடையை மூடியது நாளாவட்டத்தில் கரைந்தது. இந்தியைத் திணித்தது அடுத்த முப்பதாண்டு அரசியலுக்கு விதையானது.

கடற்கரையில் நால்வர்

சுதந்திரத்துக்குப் பின் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில், 1948 அக்டோபர் 2 அன்று சென்னை நகரமும் மதுவிலக்குக்குள் வந்தது. டாக்டர் சான்றிதழ் உள்ளவருக்கு பர்மிட், பெரிய ஹோட்டலில் வெளிநாட்டாருக்குத் தனி அறை, மற்றவர்க்குக் கள்ளச்சாராயமும் சுண்டக்கஞ்சியும் என்று ஊர் மூன்றாகப் பிரிந்தது. கிளப் சுவருக்கு வெளியே, உள்ளே என்ற பழைய பிரிவினைக்குச் சட்டம் புதுப் பெயர் கொடுத்தது.

இனி மெரினாவுக்கு வருவோம். சென்னையில் தினமும் அதிகம் பேர் வந்துபோகும் கல்லறைகள் அங்கேதான். அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி என நான்கு முதலமைச்சர்கள். நால்வரையும் எரிக்காமல் புதைத்தார்கள். சாராயக் குத்தகையை ஏட்டில் வைத்திருந்த கோட்டையிலிருந்துதான் நால்வரும் ஆண்டார்கள். ஒவ்வொருவர் கதையிலும் மது உண்டு. அண்ணா 1967இல் பதவிக்கு வந்து 1969இல் மறையும்வரை மதுவிலக்கை விடவில்லை. கருணாநிதி 1971இல் நிதி நெருக்கடியைச் சொல்லி அதைத் தளர்த்தினார். முதிய ராஜாஜி நேரில் போய் வேண்டிக்கொண்டும் முடிவு மாறவில்லை. 1974இல் கருணாநிதியே மீண்டும் கடைகளை மூடினார். எம்.ஜி.ஆர். 1981இல் திறந்தார். 1983இல் டாஸ்மாக் என்ற அரசு நிறுவனம் பிறந்தது. 1987இல் கள், சாராயக் கடைகள் மூடப்பட்டன. ஜெயலலிதா ஆட்சியில் 2003இல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது. 2016இல் மீண்டும் பதவியேற்றதும் 500 கடைகளை மூட ஆணையிட்டவரும் அவரே. 2023–24ஆம் ஆண்டில் மது வழியே மாநிலத்துக்கு வந்த வரவு 45,000 கோடி ரூபாய்க்கும் மேல்.

கல்லறை எங்கே இருக்கலாம் என்ற கேள்வியும் இந்த ஊரில் முடிந்தபாடில்லை. 2018இல் கருணாநிதியை மெரினாவில் புதைக்கலாமா என்ற வழக்கை உயர் நீதிமன்றம் இரவோடிரவாகக் கேட்டு மறுநாள் அனுமதி கொடுத்தது. 2023இல் அதே நீதிமன்றம், ஹின்மர்ஸ் கல்லறையை வேறிடத்துக்கு மாற்றும்படி உத்தரவிட்டது. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் அதைச் சுற்றி வாகன நிறுத்தம்கூடக் கட்ட முடியவில்லை என்பது வழக்கு. 1759இல் பீரங்கிக்குத் தப்பிய கல், கார்களுக்கு இடைஞ்சலாகிவிட்டது.

லாங்ஹார்ன் தொடங்கிவைத்த இரட்டைக் கணக்கு இன்றும் அப்படியே இருக்கிறது. குடிக்காதே என்று அறிவிப்பதும் அதே குடியில் வருவாய் எடுப்பதும் ஒரே அரசின் வேலை. மாறியது ஒன்று உண்டு. அன்று கல்லில் பெயர் பெற்றவர்கள் கடல் கடந்து வந்தவர்கள். இன்று மெரினாவில் பெயர் பெற்றவர்கள் நாம் வாக்களித்து அனுப்பியவர்கள். காசு கொடுத்தவர்களின் பெயர் மட்டும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. சென்னையின் முழு வரலாற்றை எழுத விரும்புகிறவர் கல்லறைத் தோட்டங்களுக்குப் போகட்டும், கல்வெட்டுகளைப் படியெடுக்கட்டும். பிறகு ஆவணக் காப்பகத்தில் அப்காரி ஏலக் கோப்புகளையும் திறக்க வேண்டும். எந்தப் பேட்டையில் எத்தனை கடை, எந்த ஆண்டில் ஏலத்தொகை ஏறியது, எப்போது சரிந்தது என்ற வரிகளுக்குள்தான் பஞ்சமும் வேலைநிறுத்தமும் கூலி உயர்வும் பதிந்திருக்கின்றன.

அடுத்த அத்தியாயம்: பென்ஃபீல்ட் கட்டிய மதிலும், அந்தச் செலவுக்கு வரி கட்ட மறுத்த பட்டணத்தாரும்.